கதவு சாத்தியாச்சு, மிஸ்ஸி

அவர் இல்லாத கதவைச் சாத்துவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது கையை நீட்டி, காற்றில் எதையோ பிடித்து இழுத்து, நாக்கால் 'டப்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். "கதவு சாத்தியாச்சு, மிஸ்ஸி. அடுத்த வீட்டுக்குப் போங்க." அவ்வளவுதான், நம் கதை முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான், இங்கே நர்ஸைத்தான் மிஸ்ஸி என்பார்கள். பிரசவ அறையில் கத்தாத கத்தல் எல்லாம் கேட்டவள். அந்த ஒரு டப்புக்குப் பயந்து நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பாதி கோபமும் பாதி குஷியுமாக வருகிறது.

அவர் எங்கள் கிளினிக்கின் வேன் டிரைவர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மலேசியாவில் தம்பின் என்கிற எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதிப் பேர் "ஓ, அவரா" என்பார்கள், அவருக்கு அது பிடிக்காது. இப்போது மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அப்போது எங்களைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்ப்பது எங்கள் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் ஒரு சின்னச் சீப்பு, தோளில் ஒரு துண்டு.

தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை அவர் முன் சீட்டில் தனக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கு பெல்ட் போட்டு விடுவார். நாங்கள் பின்னால் குலுங்கிக்கொண்டு வர வேண்டும். கேட்டால், "மிஸ்ஸி விழுந்தா எழுந்துக்குவீங்க. இது விழுந்தா எழுந்துக்காது லா" என்பார். எண்ணெய்க்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரிகள் குழி பறித்துப் போட்ட செம்மண் பாதையில் பள்ளம் வரும்போதெல்லாம் அவர் இடது கை தானாகப் போய் அந்தப் பெட்டியின் மேல் உட்காரும். நான் வேன் ஓட்டக் கேட்டால் மட்டும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கிளினிக் கேட் தூணை என் காரால் இரண்டு முறை உரசியிருக்கிறேன், அதை அவர் மறக்கவே இல்லை.

முதல் முறை அவர் என்னிடம் வாயைக் கொடுத்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்து வாசலில். தடுப்பூசிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் என் கையில் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்க நேரமில்லை என்று லயத்துக்கு நடுவில் நின்று, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டேன். "சரஸ்வதி! ஒம்பதாம் மாச ஊசி, ஏன் வரல? லெட்சுமி! ரெண்டு ஊசி பாக்கி!" எனக்குக் குரல் எப்போதும் பெரிசு. எட்டு வீடுகளில் ஆறு கதவுகள் என் கண் முன்னால் சாத்திக்கொண்டன. மிச்சம் இரண்டு ஏற்கெனவே சாத்தியிருந்தன. ஒரு நாய் மட்டும் வந்து என் காலை மோந்து பார்த்தது.

வேனில் சாய்ந்து நின்றவர் கேட்டார்: "பெரட்டு முடிஞ்சுதா மிஸ்ஸி?"

தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. நான் ரஹாங்கில் வளர்ந்தவள், யாழ்ப்பாணத்து வழி. எங்கள் தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக, அந்தப் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிற குமாஸ்தாவாக இருந்தவர். இது டிரைவருக்குத் தெரியும்.

"என்ன சொல்ல வர்றீங்க?" என்றேன்.

"எங்க தாத்தா பேர உங்க தாத்தா இப்படித்தான் கூப்பிட்டிருப்பாரு. அவரு ஓடித்தான் ஆகணும், இல்லாட்டி வேலை இல்ல. இந்த அக்காங்களுக்கு என்னா? கதவு இருக்கு, சாத்திக்கிட்டாங்க."

வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. சுருக்கென்று தைத்தது உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அந்த மாதமே சிரம்பானிலிருந்து ஒரு பெண் டாக்டர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். கோவிட் முடிந்ததிலிருந்து ஊசி என்றாலே முகத்தைத் திருப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். முதலில் கேளுங்கள், சொல்லாதீர்கள் என்றார். அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா என்று அனுமதி வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். மிரட்டாதீர்கள். நாங்கள் நல்ல பிள்ளைகளாக எழுதிக்கொண்டோம். அப்புறம் ஒருத்தி நர்சாகவும் ஒருத்தி தாயாகவும் நடித்துப் பழகச் சொன்னார். தாயாக நடித்த எங்கள் ஆள் இரண்டே நிமிஷத்தில் "சரிங்க மிஸ்ஸி, போட்டுடுங்க" என்றாள். எல்லாரும் கை தட்டினோம்.

டீயோடு தின்னக் கறிபாப் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த டிரைவர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். இப்படி ஒரு தாய நான் எந்தத் தோட்டத்துலயும் பாத்ததில்ல."

"அப்ப நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அது பிள்ளை. முந்தானையை இழுத்துச் செருகுவது போல ஒரு சின்ன அசைவு, தலையை லேசாகச் சாய்த்து ஒரு பார்வை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, சரஸ்வதியே வந்து உட்கார்ந்திருந்தாள். சீனியர் என்பதால் என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருதாமே மிஸ்ஸி?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, நீங்க..."

டப்.

நாற்பது விநாடிகூட ஆகவில்லை. "நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல!" என்று கத்தினேன். கூடம் அதிர்ந்து சிரித்தது. மறுபடி போனேன். கிருமி, எதிர்ப்பு சக்தி என்று முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். டப். "இதுக்கு என்னங்க குறை?" என்றேன். "நான் கேட்டது காய்ச்சலப் பத்தி. நீங்க சொன்னது பரீட்சைக்குப் படிச்சது" என்றார். எங்கள் இளைய நர்ஸ் நூருல் போனாள். அவளுக்கு லயத்து மலாயில் பதில் வந்தது, அவளுக்கும் டப். பிற்பகல் ஐந்து மணி வரை ஒருவர்கூட உள்ளே நுழையவில்லை. டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. போகும்போது டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி எந்தப் பயிற்சிக்கும் நீங்கள் வர வேண்டும் என்றார்.

அதற்கப்புறம் வியாழக்கிழமை மதியங்கள் திருவிழாதான். நோயாளிகள் போனதும் நாற்காலி போட்டுவிடுவோம். மருந்து கொடுக்கிறவர், சீட்டு எழுதுகிறவர், எல்லாரும் வந்து சுற்றி நிற்பார்கள். நூருல் போனில் நேரம் பார்ப்பாள். அவர் போடுகிற வேஷத்தில் ஆறு ஆட்கள் இருந்தார்கள். போனை நீட்டி, "இதப் பாருங்க, டாக்டரே சொல்றான்" என்கிற தாத்தா ஒருவர். அடுப்படியிலிருந்து முகம் காட்டாமல் பேசுகிற மாமியார். எல்லாவற்றுக்கும் "சரிங்க மிஸ்ஸி, நாளைக்கு வரேன் மிஸ்ஸி" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வராமலே இருக்கிற சின்னத் தாய். இவளிடம்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம், அவள் கதவைச் சாத்தினதே நமக்குத் தெரியாது. மூன்று நிமிஷம் தாண்டினவளுக்குக் கைதட்டல், ஐந்து தாண்டினால் மாமாக் டீக்கடையிலிருந்து ஒரு தே தாரிக். நான் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் பேசிப் பழகினேன். என் வீட்டுக்காரர், "யாரோட லா பேசுற?" என்று எட்டிப் பார்ப்பார்.

"எப்படிங்க இவ்வளவு அச்சா பேசுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க உள்ள பேசிட்டு, கையக் கழுவிட்டு வேன் ஏறப் போவீங்க. நான் வாசல்ல நிக்கிறேன்ல? நீங்க திரும்பினதும் அவங்க பேசுறது எனக்குத்தான் கேக்கும்."

இத்தனை வருஷமும் அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

ஒரு வீட்டுக்கு இப்போதே உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பட்டியலில் நிஜமாகவே ஒரு 'நாளைக்கு வரேன்' இருந்தாள். மூன்று மாதமாக அதே சிரிப்பு, அதே பதில். அன்று நான் பட்டியலை வேனிலேயே வைத்துவிட்டுப் போனேன். படியில் உட்கார்ந்தேன். அவள் தண்ணி கலக்கி ஒரு கோப்பை மீலோ கொடுத்தாள். வழக்கமாக வேலை இருக்கிறது என்று மறுத்துவிடுவேன், அன்று மீலோவை வாங்கி முழுசாகக் குடித்தேன். "ஊசின்னு நான் சொன்னதும் உங்க மனசுல மொதல்ல என்னா வருது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் காலிக் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தாள். அப்புறம் சொன்னாள். ஊசி போட்ட அன்று பிள்ளை அழும். புருஷனுக்கு லாரி வேலை, விடியும் முன் எழ வேண்டும். பிள்ளை அழுதால் அவர் சத்தம் போடுவார். அவ்வளவுதான் விஷயம். மூன்று மாதமாக நான் அவளுக்குக் கிருமியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

"அவருக்கு என்னைக்கு லீவு?"

"ஞாயிறு."

"அப்ப சனிக்கிழமை வர்றீங்களா?"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக நின்றாள். அவளை அனுப்பிவிட்டு நான் வேனுக்கு ஓடி, "வந்துட்டா! வந்துட்டா!" என்று குதித்தேன். அவர் ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். அன்று தோட்டப் பாதை முழுக்க, செம்பனை மரங்களுக்கு நடுவில், அந்த ஹாரன் அடங்கவில்லை. பழக்குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்யாண வண்டி என்று நினைத்துக் கை காட்டினார்கள்.

ஆறாவது ஆளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது ஒரு அப்பா. துண்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை: "வேணாம்." கோபம் கிடையாது, விளக்கம் கிடையாது. அந்த வேஷத்தில் மட்டும் அவர் டப் கொடுக்க மாட்டார். கதவு திறந்தால்தானே சாத்த. நாங்கள் யாரும் அந்த அப்பாவை அசைத்ததில்லை. எனக்கோ அவரை உடைத்தே தீர வேண்டும் என்ற வெறி.

சி ரூசாவில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் பெரிய பயிற்சி நடந்தது. மாநிலம் முழுவதிலுமிருந்து நர்சுகள். மேடையில் அவர், கீழே நூற்றுக்கணக்கில் நாங்கள். எந்த ஆளோடு பேச யார் வருகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். "அப்பா" என்றேன்.

சரியான கேள்விகள் எல்லாம் கேட்டேன். "வேணாம்." காத்திருந்தேன். "வேணாம்." அப்போதுதான் துண்டைப் பார்த்தேன். மற்ற வேஷங்களில் அது தோளில் கிடக்கும், அல்லது மல்லாந்திருக்கும். இந்த அப்பாவின் மடியில் அது இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தது. முகம் இருக்க வேண்டிய பக்கம் கொஞ்சம் தரையைப் பார்த்திருந்தது, தாடைக்கடியில் அவருடைய இரண்டு விரல்கள். பிள்ளையை இப்படிப் படுக்க வைக்க நாங்கள் தாய்மார்களுக்கு ஒரே ஒரு சமயத்துக்காகத்தான் சொல்லிக் கொடுப்போம். கண்டுபிடித்துவிட்டேன்! வாய் எனக்கு முன்னால் ஓடியது.

"உங்க பிள்ளைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்திருக்கு! ஊசி போட்டதுக்கு அப்புறம்! அதானே?"

மைக்கில் சொன்னேன். கூடம் முழுக்கக் கைதட்டியது. நான் ஒரு கையை உயர்த்திக்கூடக் காட்டினேன், வெட்கங்கெட்டவள்.

அவர் துண்டைப் பார்த்தார். டப் வரவில்லை. துண்டைப் பிரித்தார், நாலாக மடித்தார், நாற்காலியில் வைத்தார், மேடையிலிருந்து இறங்கி வெளியே போனார். கண்ணாடி வழியாக அவர் வேன் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. இங்கே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நடிப்பில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது, உடம்பெல்லாம் கூசிப்போனது. டாக்டர் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்னது சரிதான். ஆனா அத அவர் சொல்லியிருக்கணும்."

திரும்பி வரும்போது அவர் காலி ஐஸ் பெட்டிக்கும் பெல்ட் போட்டார். அந்த வியாழக்கிழமை நாற்காலியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டோம். "வேற ஆளப் பாருங்க மிஸ்ஸி" என்று டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

சில வாரம் கழித்துத் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. கண்கள் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தன. நாங்கள் லயம் லயமாக ஏறினோம். அவர் அன்று வேனை விட்டு இறங்கவில்லை. ஜன்னலை ஏற்றியே வைத்திருந்தார். கிளினிக்குக்கு வந்ததும் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கொண்டுவந்திருந்த வேறு சட்டையை மாற்றிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குப் பொறி தட்டியது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்தான் இப்படிக் கழுவுவார். அவர் வீடு தம்பின் எல்லையைத் தாண்டி மலாக்கா பக்கம். பிள்ளையின் கிளினிக் புத்தகம் அந்த மாநிலத்தில். அதனால்தான் எங்கள் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் வரவே இல்லை.

வேனில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"வீட்டுல சின்னதுக்கு எத்தன மாசம்?"

"பதினொண்ணு."

"ஒம்பதாம் மாச ஊசி?"

வண்டியைக் கிளப்பினார். அதுதான் பதில். எங்கள் பகுதி முழுக்கத் தடுப்பூசி சுமந்து போகிற மனிதரின் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போடவில்லை. எனக்குச் சொல்ல ஆயிரம் வார்த்தை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கிளினிக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் பேசினேன்.

"நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

வேனை நிறுத்திச் சாவியை எடுத்தார். "ஞாயிறு வாங்க. பட்டியல் கொண்டு வராதீங்க."

தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. வாசலில் அவருடைய மூத்த பெண், ஏழு வயது, சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டு என்னை மோதப் பார்த்தாள். அவர் மனைவி தண்ணி கலக்கிக் கொடுத்தார். சின்னவன் அப்பாவின் மடியில் சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தான், கன்னமெல்லாம் எச்சில்.

"சி ரூசால நான் செஞ்சது தப்பு. உங்க வீட்டு விஷயம் அது. நான் ஜெயிக்கறதுக்காக மைக்ல சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

நான் கோப்பையைக் காலி செய்தேன். காத்திருந்தேன். அப்புறம் கேட்டேன்: "அன்னைக்கு என்னா நடந்துச்சு?"

அவர் சொன்னார். மூத்தவளுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டு ஒரு வாரம் போனதும் காய்ச்சல். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பினார்கள். மனைவி பின்னால், மடியில் பிள்ளை. பாதி வழியில் பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுத்தது.

"நான் ஓட்டிக்கிட்டிருக்கேன் மிஸ்ஸி. நிறுத்தவும் முடியல, திரும்பிப் பாக்கவும் முடியல. பின்னால இவ அலறுறா. ரெண்டு கையும் ஸ்டேரிங்ல. என் பிள்ள போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுறேன். என் கையால புடிக்கக்கூட முடியல."

ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே வலிப்பு நின்றுவிட்டது. இரண்டு நாளில் பிள்ளை விளையாட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் கிளினிக்கில் இருந்த நர்சிடம் இவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

"'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க'ன்னாங்க. புத்தகத்துல எழுதிக்கிட்டே சொன்னாங்க. தலைய நிமிந்து என் மூஞ்சியப் பாக்கல."

அந்த நர்ஸ் நான் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை அப்படித் தலை நிமிராமல் நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். "எங்கிட்டகூட இத அவரு சொன்னதில்லக்கா" என்றார்.

"பிள்ளைக்கு இழுத்தப்ப உங்க கையால புடிக்க முடியல. அப்புறம் அதக் கேக்கவும் யாரும் இல்ல," என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரிஞ்சதச் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"காய்ச்சல் வரலாம். ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வரும். அக்காவுக்கு வந்ததால தம்பிக்கும் வலிப்பு வந்தாலும் வரலாம். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். பாக்க உயிரே போற மாதிரி இருக்கும். ஆனா அந்த மாதிரி காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் தானா நின்னுடும், பிள்ளைக்குக் கெடுதல் வெக்காது. இதோ, சைக்கிள்ல என்ன மோத வந்தாளே. தட்டம்மை அப்படி இல்ல. அதுல காய்ச்சல் இன்னும் கடுமை, வலிப்பு அதுலயும் வரும், நெஞ்சுக்கும் மூளைக்கும் போகும். அது இப்ப தோட்டத்துல இருக்கு. மொதல்ல டாக்டர்கிட்ட மூத்தவ கதைய முழுசா சொல்லுவோம், நானும் கூட இருக்கேன். அதுக்கப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் சின்னவன் கையிலிருந்து சீப்பை மெல்ல வாங்கித் துடைத்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"காய்ச்சல் வந்தா அன்னைக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

எந்தப் பயிற்சியிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. யோசிக்காமல் சொன்னேன்: "போன் பண்ணுங்க. நீங்க ஓட்ட வேணாம். பிள்ளைய வெச்சுக்கிட்டுப் பின்னால உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

அவர் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "நீங்களா!"

புதன்கிழமை காலையில் எங்கள் கிளினிக்குக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எண் வாங்கி எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்தார். நான் பெயரைக் கூப்பிடவில்லை, எழுந்து போய் அழைத்து வந்தேன். எங்கள் கிளினிக் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார், போடலாம் என்றார். ஊசியை நானே போட்டேன். புத்தகத்தில் எழுதும் முன் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

எட்டு நாள் போனை நான் கழிவறைக்குக்கூடக் கொண்டுபோனேன். ஒன்பதாம் நாள் பிற்பகல் அது அடித்தது. "மிஸ்ஸி, சுடுது" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன், கேட் தூணை மூன்றாம் முறையாக உரசிக்கொண்டு.

வலிப்பு வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் மறுநாள் இறங்கியது, சின்னவன் இப்போது சைக்கிளில் அக்காவைத் துரத்துகிறான். ஆனால் அந்த மணி நேரத்தில் எங்களில் யாருக்கும் அது தெரியாது. வீட்டு வாசலில் அவர் பிள்ளையோடு தயாராக நின்றிருந்தார். மனைவி முன் சீட்டில் ஏறினார். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை இடது பக்கமாகத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டார். இந்த முறை இரண்டு கையும் பிள்ளை மேல் இருந்தன. நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

ஒரு கையை மட்டும் ஒரு நொடி விட்டு, காரின் கதவைப் பிடித்து இழுத்தார்.

"கதவு சாத்தியாச்சு, மிஸ்ஸி," என்றார். "ஓட்டுங்க."